எடை சொல்லும் குறிப்பே உதவும்: லேசான சமையலுக்கு நூல் தேடி 34 அட்டை சேர்த்த பதிவு

சேலத்தில் நான்கு பேர் சாப்பிடும் ஒரு வீட்டுக்காக, லேசான சமையல் குறிப்புகளைச் சேர்த்துச் சோதிக்கும் வேலை ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. நூல்கள், இதழ் இணைப்புகள், இலவச ஆவணங்கள், வீடியோக்கள் எல்லாவற்றிலுமாக 212 குறிப்புகளை எடுத்தோம். சமைத்துப் பார்த்தவை 71. தேறி, ஒவ்வொன்றாக அட்டையில் எழுதி வைத்தவை 34. தவறிய இடங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறோம். இதே வேலையில் இறங்குபவருக்கு அவைதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் "லேசானது" என்றால் என்ன என்பதை எண்ணில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எல்லாமே லேசானதாகத்தான் தெரியும். ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024இல் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி தட்டுக்கு ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு எண்ணெய் 27 கிராம். உப்பு 5 கிராமுக்குள். அதைப் பிரித்து, ஒரு வேளைக்கு ஒருவருக்கு 450 முதல் 500 கலோரி, எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 8 கிராம், காய் 150 கிராமுக்குக் குறையாமல் என்று வரையறுத்துக்கொண்டோம். மருத்துவர் தனியாக உணவுமுறை எழுதிக் கொடுத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர்கள் அதையே பின்பற்ற வேண்டும்.

இதே எண்களை மாதக் கணக்காக்கினால் வீட்டு மளிகையிலேயே ஒரு சோதனை கிடைக்கும். நான்கு பேருக்கு மாதம் எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். கடைப் பலகாரம், ஊறுகாய், அப்பளம் வழியாக வருவதும் இதற்குள்ளேதான் அடக்கம் என்பதால், வீட்டுச் சமையலுக்கு உண்மையில் இன்னும் குறைவாகத்தான் ஒதுக்க முடியும்.

கருவிகளும் செலவும்

5 கிலோ வரை 1 கிராம் துல்லியத்தில் காட்டும் டிஜிட்டல் தராசு 450 ரூபாய். உப்பு, மிளகுக்கு 0.1 கிராம் காட்டும் கைத்தராசு 350. அளவுக் கரண்டி செட் 120. கெட்டி அட்டை 100 எண்ணம் 80. நகல் 90 பக்கம், பக்கம் 2 ரூபாய், ஆக 180. ஆறு நூல்களுக்கு 740. அவற்றில் நான்கு பழைய புத்தகக் கடையில் எடுத்தவை, இரண்டு புத்தகத் திருவிழாவில் 10 சதவீதக் கழிவுடன் வாங்கியவை. மொத்தம் 1,920 ரூபாய். மறுபடி தொடங்கினால் நூல்களில் மூன்றை வாங்காமலே விட்டிருக்கலாம். தராசை மட்டும் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத்தான் வாங்கினோம், அந்த மாதத்துச் சோதனைகள் எல்லாம் வீண்.

நூல் தேடிய இடங்கள்

மாவட்ட மைய நூலகத்தில் சமையல் வரிசையை மட்டும் பார்த்தது முதல் தவறு. நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டியூவி எண் முறையில் பொதுச் சமையல் 641.5இல் இருக்கும், உடல்நலத்துக்கான சமையல் 641.563இல் வரும், உணவூட்டம் 613.2இல், மருத்துவ நூல்களுக்குப் பக்கத்தில் இருக்கும். நமக்கு வேண்டியதில் பாதி அந்த மூன்றாவது வரிசையில்தான். "நோய் தீர்க்கும் உணவு" என்ற பெயரில் வரும் நூல்களும் அங்கேதான் கலந்திருக்கும். எது எந்த வியாதியைப் போக்கும் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டுச் செய்முறையை நான்கே வரியில் முடிக்கும் நூல்களை அங்கேயே திருப்பி வைத்துவிடலாம்.

எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க நின்ற இடத்திலேயே மூன்று பக்கம் போதும்: ஒரு பொரியல், ஒரு குழம்பு, ஒரு சிற்றுண்டி. மூன்றிலும் எண்ணெய்க்கு அளவு இருக்கிறதா? எத்தனை பேருக்கு என்று இருக்கிறதா? காய் "இரண்டு" என்றிருக்கிறதா, "250 கிராம்" என்றிருக்கிறதா? "எண்ணெய் – தேவையான அளவு" என்று மூன்றில் இரண்டிலாவது இருந்தால் அந்த நூல் இந்த வேலைக்கு ஆகாது. அது கெட்ட நூல் என்று பொருளல்ல. கை பழகியவர்களுக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான். நம் 212 குறிப்புகளில் தாளிலேயே கழிந்தவை 141. எண்ணெய் அளவு இல்லாமல் 63, எத்தனை பேருக்கு என்று இல்லாமல் 38, பொரிப்பதே அடிப்படையாக இருந்ததால் 22, சேலத்தில் கிடைக்காத பொருளால் 18.

பழைய தமிழ் நூல்களை அளவு புரியவில்லை என்று ஒதுக்க வேண்டாம். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" 1951இல் வந்தபோது ஆழாக்கு, பலம் கணக்கில் இருந்தது. அந்தக் காலத்து நூல்களில் அளவு உண்டு, அலகுதான் வேறு. ஒரு பலம் சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை. படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஆழாக்கை மில்லிலிட்டராக மாற்றுவதைவிட, அதே குறிப்பில் அரிசிக்கும் பருப்புக்கும் காய்க்கும் உள்ள விகிதத்தை எடுத்துக்கொள்வதே பிழையில்லாத வழி. கூட்டு, மசியல், மோர்க்குழம்பு, துவையல் என்று லேசான சமையலுக்கு நேரடியாக உதவும் பகுதிகள் இவற்றில் நிறைய. 34 அட்டையில் 13 இங்கிருந்து வந்தவை.

சிறுதானிய நூல்களிடம் எதிர்பார்த்தது அதிகம், கிடைத்தது குறைவு. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டையொட்டி நிறைய வந்தன. பலவற்றில் அரிசியும் மைதாவும் இருந்த இடத்தில் வரகும் தினையும் வந்திருக்கின்றன. நெய்யும் வெல்லமும் அப்படியே. 2017இல் வெளியான இந்திய உணவுப் பொருள் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசி 356 கலோரி, சாமை சுமார் 346, கேழ்வரகு சுமார் 320. எனவே அரிசியை மாற்றுவதால் மட்டும் சாப்பாடு லேசாகாது. சிறுதானியத்தில் கூடுதலாகக் கிடைப்பது நார்ச்சத்து. அதுவும் தவிடு நீங்காமல் இருந்தால்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் சாமை நன்றாகத் தீட்டப்பட்டது. மங்கலான பழுப்பில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் தவிட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை பிடிக்கும் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கக் கூடாது.

வெளிநாட்டு நூல்களில் ஒரு பெரிய வசதி: ஒருவருக்கான கலோரி, கொழுப்பு, உப்பு எல்லாம் குறிப்பின் அடியிலேயே இருக்கும். 1987இல் தொடங்கி நீண்ட காலம் வந்த "குக்கிங் லைட்" இதழ் இந்த ஒழுங்குக்குப் பெயர் பெற்றது. அமெரிக்க தேசிய இதயம், நுரையீரல், இரத்த நிறுவனம் இதய நலத்துக்கான குறிப்பு நூல்களை இலவச பி.டி.எஃப். ஆகவே கொடுக்கிறது, காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் அளவுகளில் கவனம் வேண்டும். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் 15. பிரிட்டிஷ் நூல்கள் பெரும்பாலும் கிராமில் எழுதுவதால் தராசு வைத்திருப்பவருக்கு அவைதான் சுலபம்.

பொருள் மாற்றத்தில் இரண்டு தடவை சறுக்கினோம். ஜுக்கினிக்குப் பதில் பீர்க்கங்காய் போட்டதில் பாதி வதங்குவதற்குள் தண்ணீர் விட்டுக் குழைந்துவிட்டது. சௌசௌ போட்டதும் சரியானது. வடிவம் கெடவில்லை, அதுவும் பெரும்பகுதி தண்ணீர் உள்ள காய்தான். கேல் கீரைக்குப் பதில் முருங்கைக்கீரையை அதே எடையில் போட்டது இரண்டாவது சறுக்கல். முருங்கை அடர்த்தியானது, பாதி எடை போதும், மீதிக்கு அரைக்கீரை. காட்டேஜ் சீஸ் வரும் இடத்தில் துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிட்ட தயிர் பொருந்தியது.

வீடியோ குறிப்புகளிலிருந்து எடுத்தவை குறைவு. எண்ணெய் ஊற்றும் இடத்தில் நிறுத்தி, எத்தனை கரண்டி என்று எண்ணி எழுதிக்கொண்டால் பயன்படும். வாயால் "கொஞ்சம் எண்ணெய்" என்று சொல்லும்போது ஊற்றப்படுவது பல சமயம் மூன்று மேசைக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம், 360 கலோரி.

டம்ளரை அளந்து கொண்டது

நம் நூல்களில் "ஒரு டம்ளர்", "ஒரு கப்" என்பதே பேச்சு. வீட்டிலிருந்த மூன்று எவர்சில்வர் டம்ளர்களைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினோம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி என்பதால் எடையே கொள்ளளவு. 165, 200, 245 மில்லி வந்தது. ஒரே குறிப்பை இந்த மூன்றிலும் அளந்தால் அரிசி மட்டும் 140 கிராமிலிருந்து 208 கிராம் வரை போகும். 200 மில்லி டம்ளர் ஒன்றையே பிறகு நிரந்தர அளவாக்கிக்கொண்டோம். தலைதட்டி அளந்தால் அதில் பச்சரிசி 170 கிராம், துவரம்பருப்பு 168, ரவை 140, ஜவ்வரிசி 150, கேழ்வரகு மாவு 110, கோதுமை மாவு 108, துருவிய தேங்காய் அழுத்தாமல் 68. உங்கள் வீட்டு டம்ளருக்கு நீங்களே ஒரு தடவை எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

எண்ணெய்க்கு இன்னொரு முறை வேண்டியிருந்தது. தாளிக்கும் குழிக்கரண்டியில் ஒரு தடவைக்கு 17 கிராம் பிடித்தது. குறிப்பில் இருந்ததோ ஒரு தேக்கரண்டி, 4.5 கிராம். அதனால் கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு, சமைக்கும் முன்னும் பின்னும் எண்ணெய்த் தூக்கையே தராசில் வைத்து வித்தியாசத்தை எழுதினோம். இதில் ஏமாற வழியே இல்லை.

கணக்கில் விழுந்த பெரிய தவறு

இரண்டாம் மாதம் முழுக்கப் போட்ட கணக்கு தவறு. சத்து அட்டவணையில் இருக்கும் எண்கள் சமைக்காத பொருளுக்கானவை. நாங்களோ தட்டில் விழுந்த சோற்றை எடை போட்டு அந்த எண்ணால் பெருக்கினோம். 180 கிராம் சாமைச் சோறு 623 கலோரி என்று வந்தது. நல்ல குறிப்பு ஆறு இதனால் கழிக்கப்பட்டது. உண்மையில் அந்த 180 கிராம் சோறு 60 கிராம் சாமையிலிருந்து வந்தது, 208 கலோரிதான். தண்ணீர் எடை கூட்டுமே தவிர கலோரி கூட்டாது. அந்த ஆறில் நான்கு திரும்ப அட்டைக்கு வந்தன.

இப்போது செய்யும் முறை: போடும் எல்லாப் பொருளையும் சமைக்கும் முன் எடை போட்டு மொத்தக் கலோரி எழுதுவது. சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடை போட்டு, வெறும் பாத்திர எடையைக் கழித்து, நான்கால் வகுத்துப் பரிமாறுவது. சூடான பாத்திரத்தைக் காலிசெய்து எடை பார்க்க முடியாது என்பதால் வெறும் எடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். காகிதம் ஒட்டினால் கழுவும்போது போய்விடுகிறது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தரும் இடத்தில் ஐந்து பாத்திரங்களுக்கும் அடியில் எடையை வெட்டி வாங்கிவிட்டோம். இந்த வேலை முழுக்க எடுத்த முடிவுகளில் இதுதான் அன்றாடம் பயன்படுவது.

எண்ணெயைக் குறைத்தபோது

எல்லாவற்றிலும் எண்ணெயைப் பாதியாக்கியது அடுத்த தவறு. 26 செ.மீ. வடச்சட்டியில் 5 கிராம் எண்ணெய் விட்டால் அது பரவி மெல்லிய பூச்சாகிவிடும். கடுகு பொரியாமல் கருகும், அந்தக் கசப்பு பொரியல் முழுக்க ஏறும். அதே 5 கிராமைச் சிறிய தாளிப்புக் கரண்டியில் விட்டு, கரண்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் ஓரிடத்தில் தேங்கும், கடுகு முழுகிப் பொரியும். தாளிப்பைக் கடைசியில் கொட்டினால் மணமும் தூக்கலாக நிற்கிறது.

அப்படி நிலைத்த பீன்ஸ் பொரியல் அட்டை, நான்கு பேருக்கு: பீன்ஸ் 500 கிராம் பொடியாக நறுக்கி இட்லிப் பானையில் 6 நிமிடம் ஆவி. எண்ணெய் 5 கிராம், கடுகு 2, உளுந்து 5, காய்ந்த மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு இணுக்கு. தேங்காய் 20 கிராம், உப்பு 3.5 கிராம். ஒருவருக்கு 67 கலோரி. 8 நிமிடம் ஆவியில் வைத்தால் பச்சை நிறம் மங்கிவிடும். உப்பை ஆவிக்கு முன் போட்டால் தண்ணீர் விட்டுச் சப்பென்று ஆகும். தாளிப்போடு போட வேண்டும்.

வெங்காயம் வதக்கக் குறைந்த எண்ணெயில் வழி: உப்பில் பாதியை வெங்காயத்திலேயே போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் 5 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் வற்றியதும் எண்ணெய். மாற்றிச் செய்தால் எண்ணெய் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வத்தக்குழம்பு மூன்று தடவை எடுத்தது. மூலக் குறிப்பில் நல்லெண்ணெய் 100 மில்லி, அதாவது 91 கிராம், அது மட்டுமே 820 கலோரி. முதலில் 20 கிராமுக்குக் குறைத்தோம். பொடி அடிப்பிடித்து, புளியின் பச்சை வாடை போகவில்லை. பொடி வறுபடவும் எண்ணெய்தான் ஊடகம் என்பதை மறந்ததன் விளைவு. இரண்டாவது தடவை பொடியைத் தனியாக வறுத்து அரைத்தோம், வாடை போனது, ஆனால் குழம்பு தண்ணீராக நின்றது. மூன்றாவதில் 30 கிராம் எண்ணெய், சுண்டைக்காய் வற்றலைத் தனியே வெறும் சட்டியில் வறுத்தது, 200 கிராம் சின்ன வெங்காயத்தில் கால் பங்கை வதக்கி அரைத்துச் சேர்த்தது. கெட்டியும் மணமும் சேர்ந்து வந்தன. நான்கு பேருக்கு இரண்டு வேளை வரும், ஆளுக்கு 4 கிராமுக்கும் குறைவு. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தாக வேண்டும்: மேலே எண்ணெய் மிதக்கும் பழைய குழம்பு போல இது வெளியில் தாங்காது. குளிர்பெட்டியில் மூன்று நாள்.

தேங்காய்ச் சட்னிக்குப் பல நூல்கள் தரும் யோசனை, தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டுவது. எடை போட்டுப் பார்த்ததில் இது பெரிதாக உதவவில்லை. தேங்காய் 100 கிராம் 400க்குச் சற்று மேல், பொட்டுக்கடலை அதற்குச் சற்றுக் கீழ். கொழுப்பு குறையும், கலோரி அவ்வளவாகக் குறையாது. காய் சேர்த்தால்தான் குறைகிறது. பீர்க்கங்காய் 200 கிராம் தோலோடு, தேங்காய் 25, உளுந்து 10, எண்ணெய் 5, புளி, மிளகாய்: மொத்தம் சுமார் 210 கலோரி. 80 கிராம் தேங்காயில் அரைக்கும் சட்னிக்கு 330. அளவோ இதில் இரண்டு மடங்கு கிடைக்கிறது. உழவர் சந்தையில் பிஞ்சுப் பீர்க்கங்காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். முற்றினால் தோல் நார் நாராக நிற்கும்.

பசி தாங்காத குறிப்புகள்

71இல் சமைத்த பிறகு கழிந்தவை 37. சுவைக்காக 14, கணக்கு வரம்பைத் தாண்டியதால் 11, நேரத்துக்காக 3. மீதி 9 சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் பசித்தவை. இந்த ஒன்பதும் ஒரே மாதிரியானவை: மாவுச்சத்து மட்டும், பருப்போ காயோ இல்லை.

ஜவ்வரிசி உப்புமா இதற்கு நல்ல சான்று. விரத உணவு, வயிற்றுக்கு லேசு என்று நூல்கள் சொல்லும். சேலத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுச்சத்தை மட்டும் பிரித்து, உருட்டி, வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் ஜவ்வரிசி ஆகிறது; கிழங்கின் நார் சக்கையோடு போய்விடுகிறது. 100 கிராமில் சுமார் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. எளிதில் செரிப்பது வேறு, குறைந்த கலோரி வேறு. இந்த இரண்டையும் "லேசு" என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் நூல்களில் இவ்வளவு குழப்பம். ஜவ்வரிசியை ஆளுக்கு 35 கிராமாகக் குறைத்து, ஊறவைத்த பாசிப்பருப்பு 20 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், கேரட்டும் பீன்ஸும் 100 கிராம் சேர்த்ததும் அது அட்டையில் ஏறியது. மாவு ஜவ்வரிசி குழைந்துவிடும். நைலான் ஜவ்வரிசியை மூழ்கும் அளவு தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஒன்றை நசுக்கினால் நடுவில் கல் இல்லாமல் மசிய வேண்டும்.

அதிகம் திரும்பத் திரும்பச் செய்வது சாமை சுரைக்காய்ப் பொங்கல். சாமை 160 கிராம், பாசிப்பருப்பு 80, சுரைக்காய் 250, கேரட் 100, இஞ்சி 10, மிளகு 4, சீரகம் 4, நெய் 10, எண்ணெய் 5, தண்ணீர் 900 மில்லி, உப்பு 6 கிராம். ஒருவருக்கு 253 கலோரி. மூலக் குறிப்பில் தண்ணீர் 1,100 மில்லி. சுரைக்காய் விடும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காததால் முதல் தடவை கஞ்சியாகிவிட்டது. பக்கத்தில் பீர்க்கங்காய்ச் சட்னியும் ஒரு கிண்ணம் சுண்டலும் வைத்தால் ஒரு வேளை நிறைகிறது. நெய் குறையும்போது மிளகு தரமாக இருக்க வேண்டும். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய கொடி மிளகை அன்றன்றைக்குத் தட்டிப் போட்டால், நெய் குறைந்த குறை தெரிவதில்லை.

ஏற்காட்டில் அதே அட்டைகள்

உறவினர் வீடு ஏற்காட்டில் இருப்பதால் பத்து அட்டைகளை அங்கேயும் சமைத்துப் பார்த்தோம். நான்கு தவறின, காரணம் அட்டை அல்ல, உயரம். சுமார் 1,500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. இட்லிக்குச் சேலத்தில் 10 நிமிடம் என்றால் அங்கே 12 முதல் 13. குக்கரிலும் சூடு சற்றுக் குறையும். நேரத்தை 20 சதவீதம் கூட்டினால் சரியாகிறது. ஊறிய கொண்டைக்கடலைக்குக் கீழே முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 15 நிமிடம், மேலே 18. விசில் எண்ணிக்கையை அட்டையில் எழுதியதே தவறு. அடுப்பும் குக்கரும் மாறினால் விசிலும் மாறும், நிமிடம் மாறாது. எல்லா அட்டையிலும் விசிலை அடித்துவிட்டு நிமிடம் எழுதினோம்.

மாவு புளிக்கும் நேரம் இன்னும் பெரிய வித்தியாசம். சேலத்துச் சித்திரை வெயிலில் 6 மணி நேரத்தில் பொங்கிய அதே மாவு, ஏற்காட்டில் மார்கழியில் 16 மணி நேரம் எடுத்தது. வெந்நீர்ச் சொம்பு ஒன்றோடு மாவுப் பாத்திரத்தை மூடிய பெட்டிக்குள் வைத்து, இரண்டு தடவை வெந்நீர் மாற்றியதில் 11 மணி நேரமாகக் குறைந்தது.

தட்டுவடையைச் சுட்டுப் பார்த்தது

சேலத்துக்காரர்களிடம் மாலையில் தட்டுவடை செட் சாப்பிடாதீர்கள் என்று சொல்லும் எந்தத் தொகுப்பும் நிலைக்காது. மேலே வைக்கும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், பச்சையும் சிவப்புமான சட்னிகளும் லேசானவைதான். கனம் தட்டுவடையில். எனவே பொரிக்காமல் ஓ.டி.ஜி. என்ற மின்சார ஓவனில் சுடும் குறிப்பு ஒன்றை எடுத்தோம்.

அரிசி மாவு 200 கிராம், வறுத்த உளுந்து மாவு 25, ஊறிய கடலைப்பருப்பு 20, எள் 5, மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு 4. மூலக் குறிப்புப்படி 190 டிகிரியில் 15 நிமிடம்: ஓரம் கருகி, நடு சவசவ என்று இருந்தது, ஆறியதும் பல் உடையும் கடினம். மாவில் கொழுப்பே இல்லாததும், சூடு அதிகமானதால் ஈரம் வெளியேறும் முன் மேற்பரப்பு இறுகியதும் காரணம். மூன்றாவது முயற்சியில் சூடாக்கிய எண்ணெய் 15 கிராமை மாவில் விட்டுப் பிசறி, பிறகு வெந்நீர் விட்டுப் பிசைந்து, 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் குத்தி, 155 டிகிரியில் 26 நிமிடம், பாதியில் திருப்பிப் போட்டதும் மொறுமொறுப்பு வந்தது. 3 மில்லிமீட்டர் ஆனால் மறுபடி கல்.

ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் விட்டுப் பிசறாத அதே மாவில் 30 தட்டுவடை பொரித்து, எண்ணெயை முன்னும் பின்னும் எடை போட்டோம்: 75 கிராம் குறைந்திருந்தது. சுட்டதில் மொத்தமே 15 கிராம். ஒன்றுக்கு 18 கலோரி வீதம், ஐந்து வைத்த ஒரு செட்டுக்கு 90 கலோரி மிச்சம். ஓ.டி.ஜி. ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு இது தகும்; இதற்காக வாங்கச் சொல்ல மாட்டோம். ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் தட்டுவடையை இரண்டாகக் குறைத்து, மீதிக்குப் பொரி போட்டு நொறுக்கலாகச் செய்யலாம். எங்கள் கையில் அந்த அட்டைதான் அதிகம் அழுக்காகியிருக்கிறது.

அடுத்த தடவை மாற்றுவது

நூல் வாங்குவதற்கு முன் நூலகத்தில் மூன்று பக்கச் சோதனையை முடித்துவிடுவோம். ஒரே வாரத்தில் ஐந்து புதுக் குறிப்பு என்று வைத்ததால் எது ஏன் தவறியது என்று குறித்துவைக்க நேரம் இல்லாமல் போனது. வாரம் இரண்டு போதும். அட்டையின் பின்பக்கத்தைக் காலியாக விடாமல் தவறிய முயற்சிகளை அங்கேயே எழுத வேண்டும். தனி நோட்டில் எழுதியதைச் சமைக்கும்போது யாரும் புரட்டுவதில்லை.

மூன்று குறிப்புகள் இன்னும் தொங்கலில் இருக்கின்றன. எண்ணெய்க் கத்தரிக்காயை ஆவியில் வைத்துச் செய்தால் தோல் சுருங்கி நிறம் போகிறது. கேழ்வரகு இடியாப்பம் அச்சில் அறுந்து விழுகிறது; மாவை வறுத்தபின் வெந்நீர் 10 மில்லி கூட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிழிந்து பார்க்க வேண்டும். மூன்றாவது புளியோதரை: எண்ணெய் 40 கிராமுக்குக் கீழே வந்தால் புளிக்காய்ச்சல் இரண்டாவது நாளே புளித்த வாடை காட்டுகிறது, 45இல் இப்போது ஒரு பாட்டில் வைத்திருக்கிறோம், இன்றோடு நான்கு நாள்.